பத்து ஒட்டகங்களும் ஒரு பிளாஸ்க்கும்

என் தொரையே,

செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் பிளாஸ்க்கைத் திறந்தேன். இன்று ஞாயிறு. எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டேன், இன்னும் அந்த நாற்றம் விரல் இடுக்கில் இருக்கிறது. எழுதுகிற இந்த நோட்டிலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டட்டும்.

தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது வெந்நீர் கொண்டுபோகலாம் என்று நம் மகள் மலர்தான் அதைப் பரண்மேல் இருந்து எடுத்துக் கொடுத்தாள். வாங்கும்போதே உள்ளே ஏதோ கட்டியாகக் குலுங்கியது. மூடி இறுகிக் கிடந்தது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன். வந்தது பாருங்கள் ஒரு வீச்சம், செத்த எலியும் திரிந்த பாலும் ஈரச் சாக்கும் ஒன்றாகச் சேர்ந்தது போல. குழாயடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

நீங்கள் பாக்டரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று காலையில் நான் போட்டுக் கொடுத்த டீ அது. பாதி குடித்திருக்கிறீர்கள். உங்கள் பையையும் பிளாஸ்க்கையும் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள், யாரோ பரணில் ஏற்றிவிட்டார்கள். மீதிப் பாதி பதிமூன்று மாதம் உள்ளேயே இருந்து, கறுத்து, மேலே பச்சையாகப் பூஞ்சை பிடித்துக் கிடந்திருக்கிறது. வெளியே பார்த்தால் நல்ல சிவப்புப் பிளாஸ்க். மேலே இருந்த பூப்படம்கூட அழியவில்லை.

இறந்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்கிறார்கள். நல்லதையும் சொல்கிறேன். ஆனால் உங்களைத் திட்டத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. எழுத்துத் தப்பை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதை நானும் பொறுப்பதாக இல்லை.

எஸ்டேட் மேனேஜரைத் தொரை என்பார்கள். தலையில் கம்பளிக் குல்லாவும் கக்கத்தில் பிளாஸ்க்குமாக நீங்கள் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லைன் வீட்டில் இருந்து பாக்டரிக்கு இறங்கிப் போவதைப் பார்த்து, "தொரை ரவுண்டு கிளம்பிட்டாருங்கோ" என்று ஒரு நாள் நான் கத்தினேன். லைனே சிரித்தது. நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பிப் பார்த்து, "தொரைசானி இன்னிக்கு சக்கரை போட்டீங்களா, மறந்துட்டீங்களா?" என்றீர்கள். அன்றிலிருந்து நீங்கள் எனக்குத் தொரை. கோபத்திலும் அதே பேர்தான் வாயில் வருகிறது.

நல்லதைச் சொல்கிறேன் என்றேன் இல்லையா. நான் காரமடைப் பக்கத்தில் இருந்து வாக்கப்பட்டு மேலே வந்தபோது நீங்கள் குடிகாரர். மலருக்கு ஆறு வயதில் அந்த ஜெப வீட்டுக்காரர்கள் உங்களைக் கூட்டிப் போனார்கள். போனவர் திரும்பி வந்து பாட்டிலை எடுத்துக் குழாயடியில் கவிழ்த்தீர்கள். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் ஒரு சொட்டு தொடவில்லை. அதற்காக அந்தச் சாமியை நான் இன்றும் கும்பிடுவேன். எங்கள் ஊர் மாரியம்மனை விட்டுவிட்டு உங்கள் பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு நான் வந்ததும் அதற்காகத்தான். குடிக்காத புருசனைக் கொடுத்த சாமியிடம் எந்தப் பெண் சண்டைக்குப் போவாள்?

சாயங்காலம் வேலை விட்டு வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வீர்கள். சுவிசேஷக் கதையைவிட உங்களுக்குப் பழைய ஆட்களின் கதைதான் பிடிக்கும். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஆடும் ஒட்டகமுமாக மலை மலையாக அலைந்தவர்கள். நம்மைப் போலத்தான், சொந்தமாக ஒரு அடி நிலம் இல்லாதவர்கள் என்பீர்கள். நன்றாகச் சொல்வீர்கள், அதை மறுக்க மாட்டேன். ஒட்டகம் எப்படி அசை போடும் என்று தாடையை ஆட்டிக் காட்டுவீர்கள். நீங்களும் ஒட்டகத்தைப் பார்த்தது ஊட்டி ஏரிக்கரையில் ஒரே ஒரு தடவைதான்.

முடிக்கும்போது எப்போதும் ஒரே வார்த்தை. "கேள்வி கேக்காம நடக்கறதுதான் விசுவாசம், கண்ணு."

ஒரு நாள், கடவுள் கேட்டார் என்று ஆபிரகாம் தன் ஒரே மகனைப் பலி கொடுக்க மலைக்குக் கூட்டிப் போன கதையைச் சொன்னீர்கள். அதிகாலையில் எழுந்து, கழுதைமேல் சேணம் வைத்து, விறகு வெட்டி எடுத்துக்கொண்டு போனான் என்றீர்கள். மலருக்குப் பதினைந்து வயது இருக்கும். பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்கப்பா, அந்தப் பையனோட அம்மாகிட்டச் சொல்லிட்டா போனாரு?"

"சொன்னா விடுவாளா?" என்றீர்கள். சிரித்தீர்கள்.

நானும் சிரித்தேன், தொரையே. அதை நினைத்தால் இப்போது என்மேலேயே துப்பிக்கொள்ளத் தோன்றுகிறது. மலர் சிரிக்கவில்லை. பட்டாணியை உரித்துக்கொண்டே இருந்தாள்.

அவளுக்கு ரெபேக்காள் என்று பேரை மாற்ற எவ்வளவோ பார்த்தீர்கள். உங்களுக்கு எல்லாக் கதையிலும் பெரிய கதை அந்தக் கிணற்றடிக் கதைதான். ஆபிரகாம் தன் மகனுக்குப் பெண் தேட வேலைக்காரனை அனுப்புகிறான். அவன் பத்து ஒட்டகங்களோடு ஒரு கிணற்றடியில் போய் நின்று ஜெபம் பண்ணுகிறான். 'நான் எந்தப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறேனோ, அவள் எனக்கும் கொடுத்து, கேட்காமலே என் ஒட்டகங்களுக்கும் ஊற்றினால், அவள்தான் பெண்.' ரெபேக்காள் வந்து அப்படியே செய்கிறாள். பத்து ஒட்டகத்துக்கும் குடம் குடமாக இறைத்து ஊற்றுகிறாள். "எப்படிப்பட்ட பொண்ணு பாரு!" என்று உங்கள் கண் கலங்கும். மலர் சொல்லிவிட்டாள், "ஒட்டகத்துக்குத் தண்ணி ஊத்தறதுக்கு எனக்கு நேரமில்லைங்கப்பா, நான் மலராவே இருந்துக்கறேன்." அந்த ஒன்றில்தான் அவள் சொல் நடந்தது.

கோத்தகிரி பேக்கரியில் வர்க்கி அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதில் வரன் பார்க்க ஆரம்பித்தோம். குன்னூரில் நடந்த மூன்று நாள் ஜெபக் கன்வென்ஷனுக்குப் போனீர்கள். மூன்றாம் நாள் மத்தியானம் பிளாஸ்க்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்து இறங்கினவர், வீட்டுக்குள் வருகிறவரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. வாசலிலேயே நின்று சொன்னீர்கள்.

"தொரைசானி, மாப்பிள்ளை கிடைச்சாச்சு. கர்த்தரே காமிச்சிட்டாருங்க."

"ஆருங்க? எந்த ஊரு?"

"சேரங்கோடு. வண்டி ஓட்டறானாம். அதுவா முக்கியம்? கேளு. நான் உக்காந்து ஜெபம் பண்ணுனேன். 'ஆண்டவரே, நான் எந்தப் பையன்கிட்டச் சுடுதண்ணி கேக்கறனோ, அவன் எனக்கும் குடுத்து, நான் கேக்காமலே என் பிளாஸ்க்கையும் நிரப்புனா, அவன்தான்'னு. எந்திரிச்சுப் போயி 'தம்பி, கொஞ்சம் சுடுதண்ணி'ன்னேன். 'குடிங்க அங்கிள், பிளாஸ்க்கக் குடுங்க, அதையும் நிரப்பித் தாரேன்'கறான்!"

நானும் அதை நம்பினேன். உள்ளே மலர் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாம் இரண்டு பேரும் வாசலில் நின்று அழுதோம். அவள் மடித்த துணியை மறுபடி உதறி மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நாம் சொன்னோம். அவளைக் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னாள். "எங்க பையன் மூணு வருசமா கன்வென்ஷன்ல டீ கவுண்டர்ல நிக்கறான். கொண்டார ஆளுகளுக்கெல்லாம் பிளாஸ்க் நிரப்பித் தர்றது அவன் டூட்டி."

எதிரில் உட்கார்ந்திருந்த உங்களைப் பார்த்தேன். உங்கள் காதிலும் விழுந்திருந்தது. நீங்கள் இலையைப் பார்த்தீர்கள். ரசம் வேண்டும் என்று கையை நீட்டினீர்கள்.

அந்தக் காலத்துப் பெண் தன் வேலையைப் போட்டுவிட்டு முன்பின் தெரியாதவனின் ஒட்டகத்துக்கு இறைத்தாள். அது அதிசயம். டீ கவுண்டரில் பிளாஸ்க் நிரப்ப நிறுத்தி வைத்தவன் பிளாஸ்க் நிரப்பினால் அது அதிசயமா? அன்று அங்கே கூட்டத்தில் யார் போய்க் கேட்டிருந்தாலும் அவன் அதையேதான் சொல்லியிருப்பான். அவனுக்குப் பத்து மாமனார் கிடைத்திருப்பார்கள். எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. உங்களுக்கும் தெரிந்துவிட்டது. தாலி கட்டி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. நான் எழுந்து கை கழுவப் போனேன். அவ்வளவுதான் செய்தேன். அதுதான் என் அருவருப்பு. உங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் அங்கே போய்த்தான் முட்டிக்கொள்கிறது.

கல்யாணமாகி எட்டாம் மாதம் அவள் வந்தாள். கன்னத்தில் நாலு விரல் தடம். புடவையைத் தாடை வரைக்கும் இழுத்துப் போர்த்தியிருந்தாள். நீங்கள் பார்த்தீர்கள். அவள் சொல்லச் சொல்லக் கேட்டீர்கள். என்னமோ சொல்லப்போகிறீர்கள் என்று நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன். "யாக்கோபு பதினாலு வருசம் பொறுத்தான் கண்ணு, மாமனார் ஊட்ல" என்றீர்கள். மறுநாள் காலையில் அரவேணுவில் நீங்களே பஸ் ஏற்றிவிட்டு வந்தீர்கள். அவள் கையில் ஒரு வர்க்கிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். அடிபட்ட கன்னத்தோடு எப்படி வர்க்கியை மெல்லுவாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேள்வி கேட்காமல் நடப்பதுதானே விசுவாசம்.

அதற்கு நாலு மாதம் கழித்து நீங்கள் போய்விட்டீர்கள். அந்த நாலு மாதமும் கதை சொல்லவில்லை. சளி, தொண்டை கட்டிக்கொண்டது என்றீர்கள். நானும் கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

போன மாதம் மலர் தனியாக வந்தாள், ஒரு பிளாஸ்டிக் பையோடு. சேரம்பாடியில் ஏறி, கூடலூர், ஊட்டி, குன்னூர் என்று பஸ் மாறி மாறி. மழை. நனைந்து நின்றாள். என்ன நடந்தது என்று மூன்று நாள் சொல்லவில்லை. நாலாம் நாள் செடிக்குள் என் பக்கத்து வரிசையில் நின்று பறித்துக்கொண்டே, யாரோ மூன்றாவது ஆளுக்கு நடந்ததைப் போலச் சொன்னாள். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாளாம். "கொஞ்சம் சுடுதண்ணி வச்சுத் தாங்க" என்று அவனிடம் கேட்டாளாம். "நான் என்ன உனக்கு வேலைக்காரனா?" என்று குடத்தில் இருந்த பச்சைத் தண்ணீரைத் தூக்கிப் பாய்மேல் கவிழ்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். அந்தக் குளிரில், ஈரப் பாயில், சாயங்காலம் வரைக்கும்.

நீங்கள் அடையாளம் கேட்டுப் பிடித்த மாப்பிள்ளை, தொரையே. தண்ணீர் ஊற்றினான் பாருங்கள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்தார்கள். அவன், அவன் அம்மா, நம் பாஸ்டர். மலர் சமையற்கட்டுத் திரைக்குப் பின்னால் நின்றாள். அவன் அம்மா உட்காராமலே ஆரம்பித்தாள்.

"மோளே, புறப்படு. ஊட்ல போட்டது போட்டபடி கிடக்குது."

"உக்காருங்க முதல்ல," என்றேன்.

பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சிஸ்டர், இது மனுசன் பாத்து வச்ச சம்பந்தம் இல்லைங்க. பிரதர் கர்த்தர்கிட்ட அடையாளம் கேட்டு வாங்குனாரு. ஆபிரகாம் ஊட்டு ஆளு கிணத்தடில கேட்டாப்பல. அத முறிக்க நான் ஆருங்க, நீங்க ஆருங்க? பிரதர் இருந்திருந்தா இன்னிக்கு அவரே கூட்டிட்டுப் போயி விட்டிருப்பாரு."

அது உண்மை. விட்டிருப்பீர்கள்.

அவன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சிரித்தான். "அத்தை, குடிக்கக் கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குங்களா?"

கொடுத்தேன். வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லிப் பழக்கம் இல்லை. அவன் குடித்த டம்ளரை அப்புறம் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தேன்.

"ஒரு வாரம் டைம் குடுங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்றனுங்க," என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அவர்கள் போன பிறகு திரையை விலக்கிக்கொண்டு மலர் வந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றும் இல்லை. அப்பா ஒரு தடவை பஸ் ஏற்றினார், அம்மா ஒரு தடவை ஏற்றப் போகிறாள் என்பது போல ஒரு பார்வை. செவ்வாய்க்கிழமைதான் பரணில் ஏறி அந்தப் பிளாஸ்க்கை எடுத்தாள்.

வாந்தி எடுத்து வாய் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. மூடி வைத்ததை வெளியே இருந்து பார்த்தே இத்தனை நாளும் நல்லது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். கதையையும் அப்படித்தான். நீங்கள் சொன்னதைக் கேட்டேனே தவிர, புத்தகத்தை நான் திறந்து பார்த்ததே இல்லை.

உங்கள் வேதப்புத்தகத்தை எடுத்தேன். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து, எழுத்துக்கு அடியில் விரலை வைத்துப் படித்தேன். பக்கத்து வீட்டு ராசாத்தி சும்மா இருப்பாளா? "என்னக்கா, ஊழியத்துக்குக் கிளம்பிட்டியா? வெள்ளைச் சீலை எடுத்தாச்சா?" என்றாள். "உனக்குத்தான் முதல்ல ஞானஸ்நானம், வா," என்றேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம்கூட நகராது. வீட்டுக்கு வந்தால் மலர் கொஞ்சம் படித்துக் காட்டுவாள்.

தொரையே, அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு உமட்டுகிறது. உயிருக்குப் பயந்து சொந்தப் பெண்டாட்டியைத் தங்கச்சி என்று சொல்லி ராஜா வீட்டுக்கு அனுப்பினவன் ஆபிரகாம். கண் தெரியாத அப்பனை, கையில் ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு போய் ஏமாற்றினவன் யாக்கோபு. பச்சையாக இருக்கிறது என்று செழிப்பான பள்ளத்தாக்கைப் பார்த்து எடுத்துக்கொண்ட லோத்து, வாசலில் ரவுடிக் கூட்டம் வந்து நின்றபோது, வந்த விருந்தாளியைக் காப்பாற்ற, 'என் பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்' என்கிறான். பெற்ற அப்பன். அதைப் படித்துவிட்டு மலர் புத்தகத்தை மூடிவிட்டாள். இதில் ஒன்றைக்கூட நீங்கள் எங்களிடம் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் புத்தகம் மறைக்கவில்லை. இந்த ஆட்கள் இப்படித்தான் இருந்தார்கள், இந்த அழுக்கோடுதான் கடவுளோடு நடந்தார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது. மறைத்தது நீங்கள். நல்ல பக்கத்தை மட்டும் கழுவித் துடைத்து எங்களுக்குக் காட்டினீர்கள்.

கேள்வி கேட்காதவன் என்றீர்களே ஆபிரகாமை. ஊரை அழிக்கப் போகிறேன் என்று கடவுள் சொன்னபோது அவன் மறித்துக்கொண்டு கேட்கிறான். ஐம்பது நல்லவர்கள் இருந்தால் விடுவீரா, நாற்பத்தைந்து இருந்தால், முப்பது, இருபது என்று பத்து வரைக்கும் இறங்குகிறான், உழவர் சந்தையில் கேரட்டுக்குப் பேசுகிற மாதிரி. கடவுள் கோபித்துக்கொள்ளவில்லை. நின்று பதில் சொல்கிறார்.

யாக்கோபு பதினாலு வருசம் பொறுத்தான் என்றீர்களே. பொறுத்தது அவன் தேடி ஆசைப்பட்ட பெண்ணுக்காக. அதோடு முடியவில்லை. மாமனார் ஏமாற்றுகிறான் என்று தெரிந்ததும், பெண்டாட்டி பிள்ளைகளை ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான். அதைப் படிக்கும்போது மலருக்குச் சிரிப்பு வந்தது. வந்து ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு. "அம்மா, இந்தாளு என்னையாட்டமே பஸ் ஏறிட்டாரு பாரு!" அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. அன்று அவளைத் திருப்பி அனுப்பாமல் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா நீங்கள்?

கிணற்றடிக் கதையை மட்டும் அவளைப் படிக்கச் சொல்லவில்லை. அதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது. நீளமான கதை. வியாழன், வெள்ளி இரண்டு நாள் ஆயிற்று. தண்ணீர் கேட்கிற இடத்திலும் ஒட்டகத்துக்கு ஊற்றுகிற இடத்திலும் சிவப்பு மையில் பட்டை பட்டையாக நீங்கள் கோடு போட்டிருந்தீர்கள். அங்கே பக்கமே தேய்ந்து போயிருந்தது. நீங்கள் எப்போதும் அதோடு முடித்துக்கொள்வீர்கள். நான் விரலை எடுக்காமல் மேலே போனேன். வேலைக்காரன் பெண் வீட்டுக்குப் போகிறான், அடையாளம் கிடைத்த கதையைச் சொல்கிறான், அண்ணனும் அப்பனும் இது கடவுள் செயல் என்று ஒத்துக்கொள்கிறார்கள். மறுநாளே கூட்டிப்போக வேண்டும் என்கிறான். அப்போது அந்த வீட்டார் சொல்கிறார்கள், பெண்ணைக் கூப்பிட்டு அவள் வாயாலேயே கேட்போம் என்று. கூப்பிடுகிறார்கள். இந்த ஆளோடு போகிறாயா என்று கேட்கிறார்கள். போகிறேன் என்கிறாள்.

அடையாளம் கிடைத்த பிறகும், தொரையே. பத்து ஒட்டகமும் தண்ணீர் குடித்த பிறகும். கடவுளே காட்டிவிட்டார் என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகும், அவளைக் கேட்டார்கள்.

அந்த வரியில் என் விரல் நின்றுவிட்டது. சூப்பர்வைசர் விசில் ஊதியது காதில் விழவில்லை.

நேற்று, சனிக்கிழமை மத்தியானம், கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வெறும் சாக்கோடு மேட்டில் ஏறி வரும்போது அவளை நிறுத்தினேன்.

"மலரு, உன்கிட்ட ஒண்ணு கேக்கோணும். நீ அவன்கூடப் போறியா?"

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏம்மா, இதக் கேக்க உனக்கு ரெண்டு வருசமாச்சா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அப்பவே கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?" என்றேன்.

"தெரியலம்மா. ஒருவேளை போறேன்னுகூடச் சொல்லியிருப்பேன். அப்பாவுக்கு அவ்வளவு ஆசைன்னு. ஆனா நான் சொன்னதா இருந்திருக்குமில்ல?"

"இப்ப?"

"போகமாட்டேன்."

அவ்வளவுதான். ரெபேக்காளுக்கு ஒரு வார்த்தை. இவளுக்கும் ஒரு வார்த்தை.

இன்று காலையில் மூன்று பேரும் சரியாக வந்தார்கள். மலர் இன்று திரைக்குப் பின்னால் நிற்கவில்லை. என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் புத்தகத்தை விரித்துப் பாஸ்டரிடம் நீட்டினேன்.

"ஐயா, எனக்கு வாசிப்பு பத்தாதுங்க. இந்த எடத்த மட்டும் சத்தமாப் படிச்சுக் காட்டுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டதையும், அவள் சொன்னதையும். படித்து முடித்துவிட்டு நிமிரவில்லை.

"நாங்க அடையாளத்த மட்டும் எடுத்துக்கிட்டு இத விட்டுட்டமுங்க. அதனால இப்பக் கேக்கறோம்," என்றேன். "மலரு, பெரியவங்க முன்னாடி நீயே சொல்லு."

"போகமாட்டேனுங்க," என்றாள்.

அவன் எழுந்துவிட்டான். "ஆரு சொல்லிக் குடுத்தது இதெல்லாம்?"

அவன் அம்மா என் பக்கம் கையை நீட்டினாள். "பொம்பளைக வேதத்தத் தன் இஷ்டத்துக்குத் திருப்பக் கூடாது, ஆமா!"

"திருப்பலைங்க சம்பந்தி. பக்கத்தத்தான் திருப்புனேன். உங்க பையன் எல்லாத்துக்கும் பிளாஸ்க் நிரப்பித் தருவான்னு சொன்னீங்களே, காச்சல்ல கிடந்த எம் பொண்ணுக்கு ஒரு டம்ளர் வெந்நி வச்சுத் தந்தானான்னு கேளுங்க."

அவள் மகனைப் பார்த்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். பாஸ்டரை நான் நல்லவர் என்றும் சொல்ல மாட்டேன், கெட்டவர் என்றும் சொல்ல மாட்டேன். உங்களைப் போல அவரும் பாதியோடு நிறுத்திப் பழகினவர். புத்தகத்தை மூடாமலே என் கையில் கொடுத்துவிட்டுப் புறப்படும்போது மெதுவாகச் சொன்னார்.

"பிரதர் இந்த வரியிலயும் கோடு போட்டு வச்சிருக்காரே, சிஸ்டர். நீங்க பாக்கலீங்களா?"

நான் பார்க்கவில்லை. விரலை வைத்து மறைத்துக்கொண்டே படிக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் பாதையில் இறங்கி மறைந்த பிறகு புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இருக்கிறது. சிவப்பு மை இல்லை, பென்சில். மிக மெல்லிசான ஒரு கோடு. இந்த ஆளோடு போகிறாயா என்று கேட்கிற இடத்துக்கு மட்டும், அடியில். கோணிக் கோணிப் போகிறது.

பிளாஸ்க்கைச் சாம்பலும் புளியும் சோடா உப்பும் போட்டு நாலு நாள் கழுவிவிட்டேன். வாடை போகவில்லை. வீசியெறிய மனது வரவில்லை. மூடியைத் திறந்து ஜன்னலில் காற்றாட வைத்திருக்கிறேன். மலர் நாளைக்கு பேக்கரியில் பழைய வேலையைக் கேட்கக் கோத்தகிரி போகிறாள். அவளேதான் முடிவு பண்ணினாள். நான் கூட வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். என் கையில் மிச்சம் இருப்பது இந்தப் பென்சில் கோடு ஒன்றுதான்.

குன்னூர் கன்வென்ஷனுக்குப் போகும்போது பஸ் குலுக்கலில் போட்டதா? அப்படியென்றால் தெரிந்தே விட்டிருக்கிறீர்கள், உங்களை நான் மன்னிக்க மாட்டேன். இல்லை, அவளை அரவேணுவில் பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு, கதை சொல்லாமல் இருந்த அந்த நாலு மாதத்தில், கை நடுங்கப் போட்டதா? அப்படியென்றால் தெரிந்து நீங்களும் உள்ளுக்குள் வெந்திருக்கிறீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

எப்போது போட்டீர்கள், தொரையே, அந்தக் கோட்டை?